நாற்பத்தேழு நகரவில்லை

— அதெல்லாம் அப்புறம்மா. முதல்ல ஆஜர். நான், சுபேதார் ஆறுமுகநயினார், ரிட்டயர்டு, செம்பூர். இவ என் மக பூமாரி, கம்ப்யூட்டர்ல இந்தப் போர் விளையாட்டை எழுதினவ. நீங்க மாட்டுங்கா ஷ்யாமளா, அதைப் பேப்பர்ல கிழிச்சவிய. ஆக மூணு பேர். என் சம்சாரம் பார்வதியம்மாள் முருகன் கோயிலுக்குப் போயிருக்கா, அதனால அவ சாட்சியில்ல. எழுதிக்கிட்டியளா?

— எழுதிண்டேன் அங்கிள். இப்ப உக்காரலாமா?

— அங்கிள் இல்ல. சுபேதார் சாப்.

— சாரி, சுபேதார் சாப்.

— உக்காருங்க. பூமாரி, அந்தப் பேப்பர் துண்டை எடுட்டி.

— ப்பா, அதை ஃபிரேமா போட்டு வச்சிருக்கீங்க?

— எதிராளியோட கடிதத்தைக் கசக்கக் கூடாது. கொண்டா. ரெக்கார்டுக்காக வாசிக்கேன். இங்கிலீஷ்ல இருக்கு, தமிழ்ல சொல்லுதேன். ‘மூன்று மணி நேரம் விளையாடினேன். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. எதிரி கடைசிவரை வரவே இல்லை.’ நீங்க எழுதினதுதான?

— ஆமாம். வரலையே.

— எங்களுக்கும் வரல! நாப்பத்தொரு நாள் மலையில கெடந்தோம். எதிரின்னு நான் பாத்தது ஒரே ஒருத்தனை. அதுவும் பைனாகுலர்ல. அவன் துணி காயப்போட்டுக்கிட்டிருந்தான்.

— அரே, அதையாவது கேம்ல போட்டிருக்கலாமே!

— போட்டிருக்கேன் ஷ்யாமளா. இருபத்தாறாம் நாள் மேகம் இல்லாம இருந்தா தெரிவான்.

— நான் ரெண்டாம் நாளையே தாண்டலை, பூமாரி.

— தாண்டாம எப்படிம்மா தீர்ப்பு எழுதினிய?

— சுபேதார் சாப், ஆக்சுவலா நான் சினிமா விமர்சனம் எழுதறவ. ஹோட்டலும் எழுதுவேன். எடிட்டர் ஒரு நாள் வந்து இங்க யாருக்கெல்லாம் டைப்பிங் தெரியும்னார். நான் கையைத் தூக்கினேன். அன்னிலேருந்து கம்ப்யூட்டர் பக்கம் என் தலையில.

— சினிமாவுக்கு இடைவேளையோட எந்திரிச்சு வந்து எழுதுவியளா?

— சிலதுக்கு அதுவே ஜாஸ்தி.

— சிரிக்காதட்டி பூமாரி. அடுத்த வரி. ‘வரைபடத்தில் ஒரு ஊருக்கும் பெயர் இல்லை.’

— இல்லையே. ஏன் இல்லை?

— ராணுவ ரகசியம்.

— சண்டை முடிஞ்சு பதினாறு வருஷம் ஆயாச்சே!

— ரகசியத்துக்கு ரிட்டயர்மெண்ட் கெடையாதும்மா.

— எங்கிட்டயே சொல்லல ஷ்யாமளா. வளைவு, ஓடை, பாறை எல்லாம் வரைஞ்சு குடுத்தார். பேரு கேட்டா ‘வடக்கே’ன்னார். அவ்வளவுதான்.

— அடுத்தது மார்க்கு. படம் ஒண்ணு. வேகம் சைபர். சத்தம் சைபர்.

— பின்ன என்ன போடறது? கேசட்லேருந்து கேம் கம்ப்யூட்டர்ல ஏறறச்சே அஞ்சு நிமிஷம் கீ...ன்னு கத்தறது. அப்புறம் கப்சிப். எங்காத்து டிவியே ரிப்பேராயிடுத்தோன்னு நெனச்சேன்.

— பனியில சத்தம் கேக்காதும்மா.

— அது உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?

— நியாயம். ஆனா மொத்தத்துல அஞ்சுக்கு ஒரு நட்சத்திரம். அந்த ஒண்ணு எதுக்கு? பூமாரி, நீ சொல்லு.

— கேசட் போட்டு வச்ச தோல் உறைக்கு.

— தோல் உறைக்கு! தாராவியில இனாயத்துல்லா தச்ச உறைக்கு நட்சத்திரம். என் மக ஆபீஸ் விட்டு வந்து எட்டு மாசம் கண்ணு முழிச்சு எழுதினதுக்கு ஒண்ணும் இல்ல.

— உறை நிஜமாவே ரொம்ப அழகு, சுபேதார் சாப்.

— அவனுக்குக் கை அப்படி. பட்டாளத்துல நம்ம கம்பெனியில சேணம் தச்சவன். அது இருக்கட்டும். போன மாசம் ஒரு விமான விளையாட்டுக்கு அஞ்சு நட்சத்திரம் குடுத்திருக்கிய. வாங்கிட்டு வரச் சொல்லிப் பாத்தேன்.

— பார்த்தேளா? எப்படி?

— ஒருத்தன் ஒத்தை விமானத்துல போய் முந்நூறு விமானத்தைச் சுட்டுத் தள்ளுதான். பெட்ரோல் யாரு போட்டா? குண்டு யாரு ஏத்தினா? காலையில அவன் என்ன தின்னுட்டுக் கிளம்பினான்?

— அதையெல்லாம் யாரும் கேக்கறதில்லை.

— அதான் நான் கேக்குதேன்.

— சரி, இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். நான் எழுதறது யாருக்கு? தாதர் லோக்கல் ரயில்ல ஒத்தைக் கையில தொங்கிண்டு படிக்கறவனுக்கு. வாரம் பூரா எவனோ சொல்றதைக் கேட்டுண்டு ஃபைல் சுமக்கறான். ஞாயித்துக்கிழமையாவது அவன் முந்நூறு பேரைச் சுடட்டுமே. அவனைப் போய் உக்காத்தி வச்சு, மலைமேல ராஷன் கொண்டு போ, மூட்டை கட்டு, கயிறு இறுக்கு, லாடம் சரியா இருக்கா பாருன்னா? கடைசில கழுதையும் நகரலை.

— கோவேறு கழுதை.

— கோவேறு கழுதையும் நகரலை.

— அப்பா, அவ சொல்றது தப்பில்ல. ஆடுறவங்களுக்கு அலுப்பாத்தான் இருக்கும்.

— நீ யார் பக்கம்ட்டி?

— புரோகிராம் பக்கம்.

— கேட்டியளாம்மா? இதுதான் எனக்கு வீட்டுல இருக்க மரியாதை. வெளியில எப்படின்னு சொல்லுதேன். நேத்து கிங்ஸ் சர்க்கிள்ல காபிக்குப் போனேன். எப்பவும் போற எடம். நெல்லையப்பன்னு ஒருத்தன், ரயில்வே கிளார்க்கு, வாழ்க்கையில குடையைத் தவிர எதையும் தூக்கினதில்ல. எல்லாரு முன்னாலயும் கேக்கான், ‘என்ன சுபேதார், கழுதை கிளம்பிட்டா?’ன்னு. காபி ஆத்துறவன் வரைக்கும் சிரிக்கான்.

— ஐயோ.

— எங்க தாத்தா பட்டாளம். எங்க அப்பா பட்டாளம். நான் பட்டாளம். மூணு தலைமுறையில எங்களைப் பாத்து ஒருத்தன் சிரிச்சதில்ல. இப்ப என்ன பேச்சு தெரியுமா? ஆறுமுகநயினார் சண்டையே போடல, எழுபத்தொண்ணுல கழுதை மேய்ச்சவராம். உங்க பேப்பர்லயே வந்துட்டாம்.

— நான் அப்படி எழுதவே இல்லையே!

— ‘ஒன்றுமே நடக்காத போர்’னு எழுதினிய. மிச்சத்தை நெல்லையப்பன் எழுதிட்டான்.

— கடையில வேற, ஷ்யாமளா. லாமிங்டன் ரோடு கடைக்காரர் அம்பது கேசட்டுல நாப்பத்தாறைத் திருப்பி அனுப்பிட்டார்.

— நாலு வித்துதா?

— உறை மட்டும் கிடைக்குமான்னு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க.

— பூமாரி, நிஜமாவே சாரிப்பா. ஆனா நான் பார்த்ததைத்தான் எழுதினேன்.

— பாத்தது சரி. புத்தகத்தை வாசிச்சியளா? கூட ஒரு வழிகாட்டிப் புத்தகம் குடுத்திருக்கோம். நானே சொல்லி, நானே டைப் அடிச்சு, சைக்ளோஸ்டைல் போட்டது. அறுபத்துநாலு பக்கம்.

— அறுபத்துமூணு.

— அறுபத்துநாலு.

— நான் எண்ணினேன் சுபேதார் சாப். அலுப்புல பின்ன என்ன பண்றது? அறுபத்துமூணு. எல்லாத்தையும் படிச்சேன். லாடத்துக்கு எத்தனை ஆணின்னுகூட இப்பக் கேட்டாலும் சொல்வேன்.

— சினிமா பாத்துப் பாத்துக் கணக்கு மறந்திருக்கும். பரவால்ல. இப்ப என் முன்னால ஆடுங்க. நடந்ததா நடக்கலையான்னு அப்ப தெரியும். நான் கேக்குறது ஒரு திருத்தம். உங்க பக்கத்துல, அடுத்த ஞாயிறு. பூமாரி, போடு கேசட்டை.

— போடுறேன். ரெக்கார்டர் பக்கத்துல யாரும் நடக்காதீங்க, லோடு கெட்டுரும். ப்பா, காலை ஆட்டாதீங்க.

— நான் ஆட்டல.

— டேபிள் ஆடுது.

— ...கேக்கறேளா? இந்தக் கீ...தான் நான் சொன்னது. பக்கத்தாத்துல ஒண்ணும் சொல்ல மாட்டாளா?

— பழகிட்டாங்க. ஆங், வந்துட்டு. ஷ்யாமளா, நீ உக்காரு. முதல் நாளை வேகமா முடிச்சுத் தரேன். இருபத்துமூணு கோவேறு கழுதை, எல்லாத்துக்கும் பட்டாள நம்பர், முன்னால போறது நாப்பத்தேழு. மேல காவல் போஸ்ட்டுல பதினெட்டுப் பேர், அவங்களுக்கு ராஷன் போய்ச் சேரணும். இந்தா, ரெண்டாம் நாள் காலை ஆறு மணி.

— சாயங்காலம் நாலு மணிக்குப் பனி விழும்னு போட்டிருக்கு.

— விழும். கரெக்டா நாலு மணி. பூமாரி, அதை நல்லா எழுதியிருக்கட்டி.

— இப்ப எனக்கு என்னெல்லாம் வழி இருக்கு? ‘ஆட்களுக்குச் சாப்பாடு, பத்து நிமிடம்.’ சரி, போடுங்கோ. ‘மிருகங்களுக்குத் தீனி, ஒரு மணி நேரம்.’ ஒரு மணியா?

— மூட்டையை இறக்கி, தீனி வச்சு, மறுபடி ஏத்தணும் இல்லியா?

— நேரமே இல்லையே, பனி வருதே. ‘கிளம்பு.’ ...பார்த்தேளா! ‘47 நகரவில்லை.’ இங்கதான் அன்னிக்கும் நின்னுது. பதினோரு தடவை அமுக்கினேன். முன்னாடி இருக்கறது நகராம பின்னாடி இருபத்திரெண்டும் அப்படியே நிக்கறது. பாதை அவ்வளவு குறுகல். இதுல நான் என்ன வீரத்தைக் காட்டறது?

— தள்ளுங்க. எந்திரிங்க.

— ப்பா, நீங்க ஆடவே மாட்டேன்னீங்களே? எட்டு மாசமா ஒரு தடவைகூடத் தொடலையே?

— நான் ஆடல. கமாண்ட் எடுக்கேன். மறுபடியும் ஆறு மணிக்குக் கொண்டு போ. பாத்துக்கிடுங்கம்மா. முதல்ல லாடம் சோதனை. சரி. கயிறு சோதனை. சரி. ஒன்பதாம் நம்பர் மூட்டை சாஞ்சிருக்கு, நிமுத்து. இதையெல்லாம் நீங்க பண்ணல.

— பண்ணலை. ஒத்துக்கறேன்.

— ஜவான்களுக்கு டீ, ரொட்டி, பத்து நிமிஷம். சரி. தீனி... ஒரு மணி நேரம். மேல பதினெட்டுப் பேர் காத்துக்கிட்டிருக்கான். நாலு மணிக்குப் பனி. வேண்டாம், மேல போய்க் குடுத்துக்கலாம். கிளம்பு!

— ‘47 நகரவில்லை.’

— நான் வாசிப்பேன், நீங்க சும்மா இருங்க. கிளம்பு.

— ‘47 நகரவில்லை.’

— கிளம்பு! பூமாரி, இந்த பட்டன் ஒழுங்கா வேலை செய்தா?

— செய்யுது ப்பா.

— கிளம்பு. கிளம்பு. சவம், கிளம்பேன்!

— அடிக்கிறதுக்கும் ஒரு பட்டன் வச்சிருக்கேன். வேணும்னா அமுக்கிப் பாருங்க.

— எது? இதுவா? ...என்ன வருது? கண்ணாடியை எடு.

— நான் படிக்கட்டுமா சுபேதார் சாப்? ‘47 உட்கார்ந்துவிட்டது.’

— புரோகிராம் தப்பு!

— சும்மா அமுக்கினதையும் சேத்தா பன்னண்டு தடவை. என்னைவிட ஒண்ணு ஜாஸ்தி.

— பூமாரி, புரோகிராம் தப்புட்டி. உங்க கம்ப்யூட்டருக்கு மலை தெரியல.

— தப்பில்ல ப்பா. ஒரு ரூல் இருக்கு. அது புத்தகத்துல முப்பத்தொண்ணாம் பக்கம் இருந்தது.

— ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். எங்கிட்ட புஸ்தகம் இருக்கு. இருபத்தொன்பது... முப்பது... முப்பத்திரெண்டு. அரே, முப்பத்தொண்ணே இல்லை! சொன்னேனே, அறுபத்துமூணுன்னு!

— இந்தா ஷ்யாமளா, நான் எழுதிக் குடுத்த தாள். ஒரே ஒரு வரிதான். சிவப்புப் பென்சில் கோடு அப்பாவோடது.

— ‘முதலில் மிருகம், பிறகு ஆள், கடைசியில் அதிகாரி. இந்த வரிசை மாறினால் பயணம் இல்லை.’ இதை ஏன் அடிச்சேள் சுபேதார் சாப்? இது தெரிஞ்சிருந்தா நான் மேல போயிருப்பேனே!

— எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தைப் புத்தகத்துல போடுறது வாசிக்கிறவங்களுக்கு அவமரியாதை.

— எனக்குத் தெரியாதே.

— நீங்க சினிமாக்காரி.

— சரி, நான் சினிமாக்காரி. உங்களுக்குத் தெரியுமில்லையா? அப்ப இப்ப ஏன் நீங்க...

— அப்பா, தண்ணி வேணுமா?

— வேண்டாம். உனக்கு இந்த ரூலை யாரு சொன்னா? நான் சொல்லல.

— இனாயத்துல்லா மாமா. உறை வாங்கத் தாராவிக்குப் போனப்ப கேட்டேன், நாப்பத்தேழைப் பத்திச் சொல்லுங்கன்னு. அவர் கையிலதானே அது இருந்தது. நாள் பூரா அதைப் பத்தித்தான் பேசினார். கடைசில இந்த ரூலைச் சொல்லிட்டு, ‘மிச்சத்தை உங்க அப்பாகிட்ட கேளு, உஸ்தாதுக்குத் தெரியும்’னார். எழுதிக்கிட்டு வந்து உங்ககிட்ட காட்டினேன். நீங்க சிவப்புப் பென்சிலை எடுத்தீங்க.

— வேற ஒண்ணும் சொல்லலையா அவன்?

— சொல்லல.

— சொல்ல மாட்டான். நல்ல ஜவான்.

— சுபேதார் சாப், உங்களுக்குக் கஷ்டமா இருந்தா நான் இன்னொரு நாள் வரேன்.

— உக்காருங்க. ஆஜர் எடுத்தாச்சு, பாதியில யாரும் போகக் கூடாது. ரெக்கார்டுக்குச் சொல்லுதேன். அன்னைக்கும் காலை ஆறு மணி. நான் அப்ப ஹவில்தார். ரொட்டியை நின்னுக்கிட்டே தின்னோம், பத்து நிமிஷம். இனாயத்துல்லா மட்டும் திங்கல. ‘உஸ்தாத், இதுக்கு?’ன்னு கேட்டான். ‘மேல போய்க் குடுத்துக்கலாம்’னேன். இப்ப சொன்னேன் பாருங்க, அதே வார்த்தை.

— அப்புறம்?

— அப்புறம் என்ன? இவ எழுதியிருக்கதுதான். நகரல. அடிச்சேன். உக்காந்துட்டு. நாலு மணிக்குப் பனி வந்துட்டு. மேல பதினெட்டுப் பேர் ரெண்டு நாள் வெந்நீர் குடிச்சுக்கிட்டு இருந்தான். யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா ரெண்டு நாள் லேட்டுக்கு ரிப்போர்ட் எழுதணுமே.

— என்ன எழுதினீங்க ப்பா?

— ‘தாமதத்துக்குக் காரணம்: கோவேறு கழுதை எண் நாற்பத்தேழு. பிடிவாத குணம்.’ கையெழுத்துப் போட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகல. அதுக்குப் பேரு கெட்டுப் போச்சு. பிடிவாதம்னு ரெக்கார்டு ஆயிட்டா வச்சுக்கிட மாட்டாவ. அடுத்த வருஷம் ஏலத்துல விட்டாவ. ஏதோ செங்கல் சூளைக்காரன் ஓட்டிக்கிட்டுப் போனான்.

— இந்தக் கதை எனக்குத் தெரியுமே ப்பா. சின்ன வயசுல இருந்து சொல்லுவீங்க. நாப்பத்தேழு எப்படி அடம் பிடிச்சுதுன்னு நடிச்சே காட்டுவீங்க.

— கிங்ஸ் சர்க்கிள்லயும் நடிச்சுக் காட்டியிருக்கேன். நெல்லையப்பன் விழுந்து விழுந்து சிரிப்பான். அப்ப எனக்குக் கோபம் வரல.

— பூமாரி, அப்ப உனக்கு இது தெரியாதா? தெரியாமலா இவ்வளவு சரியா எழுதினே?

— எனக்கு ரூல் தெரியும், அது நகராதுன்னு தெரியும். ரெண்டையும் சேத்து எழுதினேன். யாரு பண்ணின தப்புன்னு புரோகிராம்ல எழுத எடமில்லை.

— சுபேதார் சாப், நான் ஒண்ணு சொல்லட்டுமா? முந்நூறு விமானத்தைச் சுட்ட கேம்ல எனக்கு ஒரு நாளும் இப்படி வேர்த்ததில்லை.

— அப்ப நட்சத்திரம்?

— அது ஏறாது. சத்தம் சைபர்தான். அதை மாத்தினா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்.

— சபாஷ். ஏறக் கூடாது. ரிப்போர்ட்டை யாருக்காகவும் மாத்தக் கூடாது. இதைப் பதினாறு வருஷம் முன்னால எனக்கு ஒருத்தர் சொல்லியிருக்கலாம்.

— பூமாரி, தீனி போட்டா என்ன ஆகும்?

— நகரும்.

— எதுவரைக்கும்?

— நாப்பத்தொண்ணாம் நாள் வரைக்கும். வரிசை மாறாம இருந்தா.

— அந்தத் துணி காயப்போடறவன்?

— மேகம் இல்லாம இருக்கணும்.

— அப்ப எனக்கு இன்னொரு கேசட் குடு. அன்னிக்குக் கொடுத்ததுல எங்கப்பா பாட்டுப் பதிவு பண்ணிட்டார். உறை வேண்டாம், இருக்கு.

— கேசட் அப்புறம். திருத்தத்தை முடிச்சிருவோம். எத்தனை வரி தருவிய?

— நாலு வரிக்கு இடம் இருக்கு. சொல்லுங்கோ, தமிழ்ல எழுதிண்டு போய் இங்கிலீஷ்ல போடறேன். ‘சுபேதார் ஆறுமுகநயினார் போரில் கழுதை மேய்த்தார் என்று சொல்லப்படுவது தவறு’ன்னு ஆரம்பிக்கட்டுமா?

— வேண்டாம். அதுல ‘கோவேறு’ விட்டுப்போச்சு, மத்தபடி எல்லாம் சரிதான்.

— ப்பா, நெல்லையப்பன் மாமா அதை வாசிச்சா...

— வாசிக்கட்டும். கிங்ஸ் சர்க்கிள்ல உரக்க வாசிக்கட்டும். எழுதுங்கம்மா. ‘திருத்தம். எழுபத்தொன்றாம் ஆண்டு, வடக்கே ஒரு மலையில்...’

— எந்த மலை?

— வடக்கே ஒரு மலையில். ‘ராஷன் ஏற்றிச் சென்ற கோவேறு கழுதை எண் நாற்பத்தேழு பிடிவாதம் பிடித்து நகர மறுத்ததாக ராணுவ ரிப்போர்ட்டிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் இதுவரை சொல்லப்பட்டு வந்திருக்கிறது. சொன்னவர் ஹவில்தார் ஆறுமுகநயினார். அது தவறு.’ எழுதிட்டியளா?

— எழுதிட்டேன். இன்னும் ஒரு வரி இருக்கு, சுபேதார் சாப்.

— ‘அதற்குப் பசி.’